கழற்றிப் போட்டதைத் திரும்பப் பூட்டுங்கள்: மலைக்குளிரில் பழைய கார்

மார்கழி பிறந்ததிலிருந்து மாசி முடிகிறவரை இலங்கை மலையகத்தில் நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் சந்தித்துக்கொண்டால் பேச்சு ஒன்றுதான்: "விடிய வண்டி எடுக்க மாட்டேங்குது." பகல் பதினொரு மணிக்குச் சாவியைத் தொட்டதும் உறுமுகிற அதே இன்ஜின், புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிற விடியற்காலையில் இருமிவிட்டு அடங்கிவிடும். மறுபடி சுற்றினால் பெற்றோல் வாடைதான் வரும். அப்புறம் அக்கம்பக்கத்தில் ஆளைக் கூப்பிட்டுத் தள்ளி, இறக்கத்தில் உருட்டி, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டு ஒருவழியாகக் கிளப்பினாலும் சந்தி தாண்டும்வரை குலுங்கிக்கொண்டே போகும்.

கராஜுக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கிற பதில், "கார்புரேட்டர் போயிருச்சு, மாத்திருங்க." பெற்றோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கிற பாகம் அது. அப்படி மாற்றிய வண்டிகள் சில அடுத்த வாரமே அதே நோயோடு திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். நல்ல கார்புரேட்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, எந்த வண்டிக்குச் செய்தது என்றே தெரியாத ஒரு புதுசைப் பூட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

எங்கள் வீட்டில் நிற்பது டொயோட்டா கொரொல்லா டிஎக்ஸ் வேகன். 4கே இன்ஜின், 1290 சிசி. நீர்கொழும்பில் ஓடிக்கொண்டிருந்த வண்டியை மாமா வாங்கி மலைக்குக் கொண்டுவந்தார், அவருக்குப் பிறகு என் கைக்கு வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, 2025இல் மறுபடி திறக்கும்வரை, பழைய வண்டிகளின் விலை எங்கேயோ போய்விட்டது. இப்போதும் எங்களைப் போன்றவர்களுக்குப் புது வண்டி எட்டாத உயரம்தான். அதனால் இந்த வண்டிகள் இன்னும் பல வருஷம் ஓடியாக வேண்டும். ஓடியாக வேண்டும் என்று சொல்வதற்கு வேறு காரணமும் இருக்கிறது. நடுச்சாமத்தில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து வந்து கதவைத் தட்டி, "அண்ணே, வயித்துவலி வந்திருச்சு, ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கணும்" என்று ஒரு பிள்ளை மூச்சு வாங்க நிற்கும்போது, சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடிக்க வேண்டும். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், நல்ல சேவை. ஆனாலும் தோட்டத்துக்குள்ளே கடைசி லயம்வரை போகிற பாதை எப்படி இருக்கும் என்று மலையகத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வண்டியைக் கொண்டுபோய்க் காட்டியபோது இராகலையில் வயதான மெக்கானிக் ஒருவர் பொனட்டைத் திறந்து வெகுநேரம் எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் சொன்னார்: "தம்பி, காபுரேட்டர்ல கை வைக்காத. மொதல்ல இந்த வண்டியில என்னென்ன இல்லன்னு பாரு."

அவர் சொன்னதுதான் விஷயம். மலையில் ஓடுகிற பழைய வண்டிகளில் பல, கொழும்பு, நீர்கொழும்பு, குருநாகல் என்று வெயில் ஊர்களில் ஓடிவிட்டு வந்தவை. ஜப்பான்காரன் உறைபனிக்கும் சேர்த்துச் செய்து அனுப்பிய வண்டியில், "இந்த வெயிலுக்கு இது எதுக்கு" என்று ஒவ்வொன்றாகக் கழற்றியிருப்பார்கள். குளிரில் கிளப்பக் காற்றைக் குறைக்கிற சோக்கின் கேபிள், எயார் கிளீனருக்குச் சூடு கொண்டுவருகிற தகரக் குழாய், இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டட். கொழும்பில் இவை மூன்றும் இல்லாவிட்டாலும் பெரிதாகத் தெரியாது. அதே வண்டியை நுவரெலியாவின் 1868 மீட்டர் உயரத்துக்கு, அதைவிடக் கொஞ்சம் மேலே இருக்கிற கந்தப்பளைக்குக் கொண்டுவந்து, பாகை கணக்கில் ஒற்றை இலக்கத்தில் நிற்கிற காலையில் கிளப்பப் பார்த்தால் அது என்ன செய்யும்?

குளிரில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டால் மிச்சம் எல்லாம் விளங்கும். பெற்றோல் திரவமாக எரியாது, ஆவிதான் எரியும். சூடான இன்ஜினில் எடைக்கணக்கில் காற்று 14.7 பங்குக்குப் பெற்றோல் ஒரு பங்கு இருந்தால் சுத்தமாக எரிந்துவிடும். குளிர்ந்த இன்ஜினில் கார்புரேட்டர் அதே அளவு பெற்றோலைக் கொடுத்தாலும், பெரும்பகுதி, கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகிற மேனிபோல்டின் சில்லிட்ட சுவரில் ஈரமாகப் படிந்துவிடுகிறது. சீக்கிரம் ஆவியாகிற மெல்லிய பகுதி மட்டும்தான் சிலிண்டருக்குள் போய்த் தீப்பிடிக்கிற நிலையில் இருக்கும். அதனால்தான் சோக். காற்றின் வாயை மூடி, பெற்றோலைத் தேவைக்கு மேல் பல மடங்கு இழுக்கச் செய்கிறது. அதில் ஆவியாகிற சிறு பங்கே இன்ஜினைக் கிளப்பப் போதும்.

உயரம் இதற்கு நேரெதிரான வேலையைச் செய்கிறது. நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட 80 வீதம்தான். காற்று மெலிந்திருக்கிறது, ஆனால் கார்புரேட்டரில் பெற்றோல் வருகிற சிறு துளையான ஜெட் அதற்கு ஏற்ற அளவு குறைந்து ஊற்றுவதில்லை. கணக்குப் பார்த்தால் கொழும்பில் சரியாக இருந்த கலவை இங்கே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தடித்துவிடும். ஆக, சில்லென்ற இன்ஜினுக்குப் பெற்றோல் போதாது, கொஞ்சம் சூடேறியதும் அதிகமாகிவிடும். சோக் தேவைப்படுகிற நேரம் இங்கே மிகக் குறுகியது. கீழ்நாட்டுப் பழக்கத்தில் சோக்கை இழுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனவர்களின் பிளக்குகள் கரியாகி நிற்பதும், சோக்கே இல்லாமல் எக்சிலேட்டரை மிதிமிதி என்று மிதிப்பவர்களின் வண்டி கிளம்பாமல் நிற்பதும் இதனால்தான்.

என் வண்டியில் சோக் கேபிள் அறுந்து தொங்கியது. டாஷ்போர்டில் குமிழ் மட்டும் அழகுக்கு இருந்தது. கேபிளை மாற்றுவது அரை மணி நேர வேலை. ஆனால் பூட்டியதோடு விட்டுவிடக் கூடாது. எயார் கிளீனரைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே ஒருவர் குமிழை இழுக்க, நீங்கள் மேலேயிருந்து பாருங்கள். முழுக்க இழுத்தால் பட்டாம்பூச்சித் தகடு முழுக்க மூட வேண்டும். முழுக்கத் தள்ளினால் நேராக நிமிர வேண்டும். கால்வாசி மூடி நின்றாலும் காலையில் பயனில்லை, கால்வாசி திறக்காமல் நின்றாலும் பெற்றோல் கொள்ளை போகும். சோக் மூடும்போதே, பக்கவாட்டில் ஒரு சிறு வளைந்த தகடு, எக்சிலேட்டரை மிதிக்கும்போது திறக்கிற திரொட்டிலையும் கொஞ்சம் திறந்து பிடிக்கும். அந்தத் தகட்டில் அழுக்கும் பழைய எண்ணெயும் ஒட்டிக் கிடந்தால், கிளம்பிய வண்டி உடனே அணைந்துவிடும். பலர் "ஸ்டார்ட் ஆகுது, நிக்க மாட்டேங்குது" என்று சொல்வது அநேகமாக இதைத்தான். தானியங்கிச் சோக் உள்ள வண்டிகளில் கேபிளுக்குப் பதில் ஒரு உலோகச் சுருள் சூட்டுக்கு விரிந்து தகட்டைத் திறக்கும். அந்தச் சுருளுக்கு மின்சாரமோ சுடுநீரோ போகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கிளம்பியவுடன் தகட்டை ஒரு விரற்கடை திறக்கிற வெக்யூம் டயபிராம் ஒன்றும் அதில் உண்டு. அது கிழிந்திருந்தால் வண்டி பிடித்த சில நொடிகளிலேயே கறுப்புப் புகை தள்ளி மூச்சடைத்து நின்றுவிடும்.

அடுத்தது அந்தத் தகரக் குழாய். இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இது இல்லாததால் வருகிற கோளாறை ஒருவரும் சரியாகக் கண்டுபிடிப்பதில்லை.

பல பழைய வண்டிகளில் எயார் கிளீனரின் மூக்குக்குக் கீழே ஒரு வாய் இருக்கும். இன்ஜினின் புகை வெளியேறுகிற எக்சோஸ்ட் மேனிபோல்டைச் சுற்றி ஒரு தகரக் கூடு, அதிலிருந்து அந்த வாய்க்கு ஒரு குழாய். குளிர்நேரத்தில் இன்ஜின் வெளிக்காற்றை இழுக்காமல், எக்சோஸ்டில் சூடான காற்றை இழுக்கும். சில வண்டிகளில் கோடைக்கும் குளிருக்கும் கையால் திருப்பி வைக்க ஒரு லீவர் இருக்கும், சிலவற்றில் தானாகவே மாறும். பழைய ஆங்கிலேய வண்டிகளில் எயார் கிளீனரின் மூக்கையே திருப்பி எக்சோஸ்ட் பக்கம் வைத்துவிடுவார்கள். இங்கே வருகிற வண்டிகளில் அந்தக் கூடும் குழாயும் இருப்பது அபூர்வம். துருப்பிடித்து உதிர்ந்திருக்கும், இல்லாவிட்டால் யாரோ "சத்தம் போடுது" என்று கழற்றியிருப்பார்கள்.

இது இல்லாத வண்டியில் நடப்பது இது. நுவரெலியாவிலிருந்து வெலிமடைப் பக்கம் இறங்குகிறீர்கள். விடியற்காலை, மூடுபனி கண்ணாடியில் வழிகிறது. சீத்தாஎலிய சீதையம்மன் கோயிலைத் தாண்டி ஹக்கல வரைக்கும் இறக்கம்தான், எக்சிலேட்டரில் கால் வைக்கிற வேலையே அதிகம் இல்லை. பூந்தோட்டத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தால் இன்ஜின் தடுமாறி அணைந்துவிடும். சுற்றினால் பிடிக்காது. பொனட்டைத் திறந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பத்து நிமிஷம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும். கராஜில் காட்டினால் அங்கே எந்தக் கோளாறும் இருக்காது. பெற்றோல் பம்பை மாற்றுவார்கள், பிளக்குகளின் பொறிக்கு மின்சாரம் தருகிற கொயிலை மாற்றுவார்கள், அடுத்த மூடுபனிக் காலையில் அதே இடத்தில் அணையும்.

கார்புரேட்டருக்குள் ஐஸ் கட்டுகிறது. பெற்றோல் ஆவியாகும்போது சுற்றியிருக்கிற சூட்டைப் பிடுங்கிக்கொள்ளும். திரொட்டில் தகட்டைத் தாண்டி காற்று விரியும்போதும் குளிரும். இரண்டும் சேர்ந்து உள்ளே வெப்பநிலை வெளியே இருப்பதைவிட இருபது பாகை வரைகூட இறங்கலாம். வெளியே பத்துப் பாகை என்றால் தகட்டின் விளிம்பில் பூச்சியத்துக்குக் கீழே. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்த ஈரம் அங்கேயே உறைந்து, தகட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியை அடைத்துவிடும். காலை எடுத்துவிட்டு இறங்கும்போது தகடு மூடித்தானே இருக்கிறது, அதனால் அடைக்க அதிகம் தேவையில்லை. வண்டி நின்றதும் இன்ஜினின் சூடு மேலே ஏறி ஐஸை உருக்கிவிடும், தடயமும் போய்விடும். கடும்பனி நாட்டைவிட, ஐந்திலிருந்து பன்னிரண்டு பாகைக்குள் ஈரம் சொட்டுகிற காற்றுத்தான் இதற்குத் தோதானது. நுவரெலியாவின் மூடுபனிக் காலை எது என்று கேட்டால் அதுதான். அணைந்தவுடனேயே பொனட்டைத் திறந்து கார்புரேட்டரின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். விரல் மரத்துப்போகிற குளிர் இருக்கும். சிலவேளை வெளிப்புறத்தில் வெள்ளையாக ஒரு படலம்கூடத் தெரியும், ஊதினால் கரையும்.

இதற்கு மருந்து அந்தக் குழாய்தான். என் வண்டிக்கான தகரக் கூடு கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடைகளில் தேடியும் அகப்படவில்லை. கடைசியில் தகர வேலை செய்கிறவர் ஒருவரிடம் காட்டி, மேனிபோல்டின் வளைவுக்கு ஏற்றபடி மடித்துச் செய்தோம். மேலே போகிற குழாய்க்குச் சூடு தாங்குகிற, மடங்கக்கூடிய உலோகக் குழாய் போதும். பிளாஸ்டிக்கோ ரப்பரோ அங்கே கூடாது, உருகித் தீப்பிடிக்கும். மேனிபோல்டோடு இறுக்கமாக ஒட்டவைக்கவும் தேவையில்லை, காற்று நுழைய இடம் விட வேண்டும். கொழும்புக்கு இறங்கும்போது மட்டும் குழாயைக் கழற்றிவிடுகிறேன். சூடான ஊரில் சூடான காற்றை இழுத்தால் இன்ஜினின் பலம் குறையும், கராமுரா என்று தட்டல் சத்தமும் வரும்.

தெர்மோஸ்டட் பற்றிப் பேசினால் இங்கே சண்டைதான் வரும். "அதக் கழட்டுனாத்தான் இன்ஜின் கூலா இருக்கும்" என்கிற நம்பிக்கை அவ்வளவு ஆழமானது. இன்ஜின் குளிர்ச்சியாக இருப்பது நல்லது என்பதே பிழையான எண்ணம். இன்ஜின் தன் வேலைச் சூட்டில், ஏறக்குறைய எண்பது தொண்ணூறு பாகையில் இருக்க வேண்டும். தெர்மோஸ்டட் இல்லாத இன்ஜினில் தண்ணீர் முதல் நொடியிலிருந்தே ரேடியேட்டருக்கு ஓடிக் குளிர்ந்து வருகிறது. நுவரெலியா டவுன் வரை போய்த் திரும்பினாலும் ஊசி எழும்பாது. மேனிபோல்ட் சூடேறாது, பெற்றோல் ஆவியாகாது, சோக்கை உள்ளே தள்ள முடியாது. ஆவியாகாத பெற்றோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே எண்ணெய்த் தொட்டிக்குப் போய்ச் சேரும். எண்ணெய் பார்க்கிற கம்பியை இழுத்து மூக்கருகே கொண்டுபோனால் பெற்றோல் வாடை அடிக்கிறதா, எண்ணெய் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் அந்த இன்ஜின் குளிரில் தேய்ந்துகொண்டிருக்கிறது. நல்ல ரேடியேட்டரும் நல்ல தெர்மோஸ்டட்டும் உள்ள வண்டி ரம்பொடை ஏற்றத்திலும் கொதிக்காது. கொதித்தால் அடைப்பு ரேடியேட்டரில் இருக்கிறது, அதைச் சுத்தம் செய்ய வேண்டும். 82 பாகையில் திறக்கிற தெர்மோஸ்டட் வாங்கிப் பூட்டுவதற்கு முன், ஒரு பானைத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் கொதிக்கத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அதன் வாய் மெல்லத் திறக்க வேண்டும். திறக்காததைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

இவை மூன்றும் சரியாக இருந்தும் கிளம்பவில்லை என்றால் பெற்றோலை விட்டுவிட்டு நெருப்பைப் பாருங்கள். மலையில் என் அனுபவத்தில் அடுத்த சந்தேகம் எப்போதும் ஈரம்தான். இரவு முழுக்க மூடுபனிக்குள் நின்ற வண்டியில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை (கெப்) கழற்றி உள்பக்கம் பாருங்கள், வியர்த்திருக்கும். மயிரளவு வெடிப்பு இருந்தால் அந்த ஈரத்தின் வழியே மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் இரும்புக்கு ஓடிவிடும். பழைய பிளக் வயர்களும் அப்படித்தான். இருட்டோடு பொனட்டைத் திறந்து வைத்துவிட்டு யாரையாவது ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னால், வயர்களின் மேலே நீலமாகச் சின்னச் சின்னப் பொறிகள் ஓடுவது கண்ணுக்கே தெரியும். அந்த வயர்கள் அவ்வளவுதான், எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு சோதனை செய்வோம். படுக்கப் போகும்போது கெப்பைக் கழற்றி, வயர் எது எங்கே என்று அடையாளம் வைத்து, வீட்டுக்குள் அடுப்படிச் சுவரோரம் வைத்துவிடுவது. காலையில் காய்ந்த கெப்பைப் பூட்டியதும் வண்டி பிடித்தால் குற்றவாளி அதுதான். வேறு எந்தப் பரிசோதனையும் தேவையில்லை.

கொயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கிற பொயின்ட் உள்ள வண்டியில் அந்தப் பொயின்ட்டின் முகம் கருகியிருந்தால் தேய்த்து, இடைவெளியைக் கைநூலில் சொன்ன அளவுக்கு வைக்க வேண்டும். அதோடு கண்டன்சரையும் மாற்றுவது நல்லது. பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வித்தை: ஈரமாகவும் கறுப்பாகவும் இருந்தால் பெற்றோல் அதிகம் அல்லது நெருப்பு இல்லை, காய்ந்து வெளுத்திருந்தால் பெற்றோல் வரவில்லை. இன்னொரு அடையாளம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. சாவியைப் பிடித்துச் சுற்றுகிறவரை ஒன்றும் நடக்காமல், கையை விடுகிற நொடியில் "டப்" என்று ஒரு தடவை பிடிக்கப் பார்க்கிறதா? அப்படியானால் சுற்றும்போது கொயிலுக்கு மின்சாரம் போதவில்லை. ரெசிஸ்டர் உள்ள கொயில்களுக்கு ஸ்டார்ட் நேரத்தில் முழு வோல்டேஜும் நேரே கொடுக்க ஒரு தனி வயர் உண்டு. அது விட்டுப்போயிருக்கும், அல்லது பெட்டரி தளர்ந்திருக்கும். மீட்டரை வைத்துப் பாருங்கள்: ஓய்வாக நிற்கும்போது 12.6 வோல்ட், ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது. பெட்டரி நல்லது, ஆனாலும் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் எண்ணெயைப் பாருங்கள். கொழும்பில் ஊற்றிய 20டபிள்யூ-50 எண்ணெய் இங்கே விடியற்காலையில் பாகு. கைநூல் அனுமதிக்கிற மெல்லிய தரம், 10டபிள்யூ-40 போல, மலைக்கு நல்லது. சுற்றும்போது கிளட்சை மிதித்துக்கொண்டால் கியர்ப்பெட்டியின் கெட்டியான எண்ணெயையும் ஸ்டார்ட்டர் சேர்த்து இழுக்க வேண்டியதில்லை.

கார்புரேட்டரிலேயே பார்க்க வேண்டியது எதுவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. எயார் கிளீனரைத் திறந்து, இன்ஜின் அணைந்திருக்கும்போது, கையால் எக்சிலேட்டர் லீவரை அசைத்துத் தொண்டைக்குள் பாருங்கள். அசைத்த கணத்திலேயே ஊசிபோல் ஒரு பெற்றோல் தாரை பாய வேண்டும். சொட்டினாலோ தாமதித்து வந்தாலோ பம்பின் டயபிராமோ தோல் வளையமோ காய்ந்துவிட்டது. அது சின்னச் சாமான், அதற்காகக் கார்புரேட்டரையே மாற்ற வேண்டியதில்லை. கார்புரேட்டருக்கும் மேனிபோல்டுக்கும் நடுவிலுள்ள கேஸ்கட்டில் காற்று இழுத்தால் குளிரில் குலுக்கல் அதிகமாகவும் சூடேறியதும் குறைவாகவும் இருக்கும். சவர்க்காரத் தண்ணீரை அந்த மூட்டுகளைச் சுற்றித் தெளியுங்கள், எங்கே படும்போது இன்ஜினின் சத்தம் மாறுகிறதோ அங்கே ஓட்டை. பெற்றோலைத் தெளித்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

மலைநாட்டுக்கே உரிய இன்னொன்று, வண்டியை நிறுத்துகிற விதம். தள்ளிக் கிளப்பலாம் என்று இறக்கம் பார்த்து மூக்குக் கீழே நிறுத்துவது நம்மவர்களின் பழக்கம். கார்புரேட்டரின் பெற்றோல் கிண்ணம் பின்பக்கம் இருக்கிற வண்டியில், இப்படி நிறுத்தினால் கிண்ணத்தின் மட்டம் ஜெட்டைவிட உயர்ந்து, பெற்றோல் மெல்லக் கசிந்து உள்ளே இறங்கலாம். காலையில் வண்டி மூழ்கிப்போய் நிற்கும். கிண்ணம் முன்பக்கம் என்றால் நேரெதிர்: மட்டம் தாழ்ந்து, கிளம்பும்போது பெற்றோல் எட்டாது. சில நாள் சமதரையில் நிறுத்திப் பாருங்கள். அதிலேயே குணமான வண்டிகள் உண்டு. மூழ்கிவிட்ட வண்டிக்குச் சோக்கை முழுக்க உள்ளே தள்ளி, எக்சிலேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும், பம்பு அடிப்பதுபோல் மிதிக்கக் கூடாது. ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் ஸ்டார்ட்டரைப் பிடிக்காமல், நடுவே ஆறவிடுங்கள்.

2022இல் பெற்றோல் செட்டுகளில் நாள்கணக்கில் வரிசை நின்றதையும், அதற்குப் பிறகு கியூஆர் கோட்டில் வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து தந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த நேரத்தில் கேன்களில் சேர்த்து வைத்துவிட்டு, பல மாதம் கழித்து ஊற்றியவர்களின் வண்டிகள் குளிரில் பட்ட பாடு கொஞ்சமல்ல. பெற்றோல் பழசாகும்போது முதலில் பறந்துபோவது அந்த மெல்லிய பகுதிதான். குளிரில் தீப்பிடிப்பதற்கு நமக்கு வேண்டியதும் அதேதான். மிஞ்சுவது பிசினாகி ஜெட்டுகளில் ஒட்டும். நெடுநாள் நின்ற வண்டி என்றால் வேறு எதையும் தொடுவதற்கு முன் தொட்டியில் இருப்பதை வடித்துவிட்டுப் புது பெற்றோல் ஊற்றுங்கள். தொட்டியைப் பாதிக்குக் கீழே வைத்திருக்கிற வண்டிகளில் இரவுக் குளிருக்கு உள்ளே தண்ணீரும் கோத்துக்கொள்ளும்.

கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்குகிற அழுத்தம், அந்தக் கணக்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இதில்தான் பெரிய பணம் வீணாகிறது. "வண்டி எடுக்க மாட்டேங்குது" என்று போனால், கம்ப்ரெஷன் மீட்டரைப் பூட்டிப் பார்த்து, "புத்தகத்துல 155னு இருக்கு, உங்களுக்கு 125தான் வருது, இன்ஜின் செய்யணும்" என்பார்கள். 155 என்பது கடல்மட்டத்துக் கணக்கு. காற்றே 80 வீதம்தான் இருக்கிற ஊரில் 155இன் 80 வீதம் 124. அந்த இன்ஜின் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது. இன்ஜினின் உறிஞ்சலை அளக்கிற வெக்யூம் மீட்டரும் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் குறைத்துக் காட்டும். கொழும்பில் 20 காட்டிய இன்ஜின் 6000 அடியில் 14 காட்டினால் அது இயல்பு. நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதைப் பாருங்கள். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் வால்வ் இடைவெளியைச் சரிசெய்துவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ரிங் மாற்றுகிற பேச்சு அதற்கு அப்புறம்.

காலையில் நான் கிளப்புகிற விதம் இது. எக்சிலேட்டரை ஒருதரம் மெதுவாக அடிவரை மிதித்து விடுவேன். சோக் முழுக்க. கிளட்ச் உள்ளே. கால் எக்சிலேட்டரில் இல்லாமல் சாவி. பிடித்ததும் சோக்கைப் பாதிக்குத் தள்ளுவேன், சத்தம் சீரானதும் இன்னும் கொஞ்சம். நின்ற இடத்தில் கால் மணி நேரம் உறுமவிடாமல், மெதுவாக ஓட்டிக்கொண்டே சூடேற்றுவேன். இன்ஜின் சீக்கிரம் சூடாவதும் அப்படித்தான். லயத்தோடு ஒட்டிய தகரக் கொட்டிலுக்குள் வண்டியைக் கிளப்பிவிட்டு விடாதீர்கள். பக்கத்து அறையில் குளிருக்குக் கதவு ஜன்னல் எல்லாம் அடைத்துக்கொண்டு குழந்தைகள் தூங்குவார்கள், அந்தப் புகையில் இருக்கிற நஞ்சுக்கு வாடையே கிடையாது. சோக் இழுத்த நிலையில் அந்த நஞ்சு இன்னும் அதிகம். அதேபோல் கார்புரேட்டர் வாயில் மூடியால் பெற்றோல் ஊற்றிக்கொண்டே ஒருவர் சுற்றுகிற வேலையை எங்கே கண்டாலும் தடுத்துவிடுங்கள். ஒரு எதிர்வெடி போதும், ஊற்றுகிறவரின் முகத்துக்குத்தான் வரும். அவசரத்துக்கு ஒரு வழி வேண்டுமென்றால், சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை மேனிபோல்டின் மேல் சில நிமிஷம் போர்த்தி வையுங்கள், கெட்டிலோடு ஊற்றாமல். அதற்குப் பிறகு பிடித்தால், உங்கள் வண்டியில் நெருப்புக்குக் குறையில்லை, பெற்றோல் ஆவியாகாததுதான் பிரச்சினை என்பதும் தெரிந்துவிடும்.

இராகலையில் ஒரு நண்பர் நிசான் சன்னி பி11 வைத்திருக்கிறார். அவருடைய எக்சோஸ்ட் மேனிபோல்டிலும் தகரக் கூடு இல்லை, ஹக்கல இறக்கத்தில் அவருக்கும் அதே கதை. அந்த வண்டியின் அசல் கூடு யாரிடமாவது உதிராமல் இருந்தால், கழற்ற வேண்டாம், நாலு பக்கமும் படம் எடுத்து அளவைக் குறித்து அனுப்புங்கள். தகர வேலைக்காரரிடம் கொடுத்து, அடுத்த மார்கழிக்குள் அவருக்கும் ஒன்று செய்துகொடுத்துவிடலாம்.